கூர்முனை வெப்பச் சோதனை கிட்: வாங்கலாம், துண்டைப் பிடிக்கும் பின்னை (pin) மட்டும் மாற்றிவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி லேப்களுக்கு ஏற்ற கிட் இது. மறுபடி மறுபடி பறக்கும் ஹைப்பர்சானிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமான) கலத்தின் இறக்கை முன்விளிம்பை எவ்வளவு கூராக்கலாம் என்பதுதான் பாடம்.

பெட்டியில் ஆப்பு வடிவத் துண்டுகள் மூன்று. முனை ஆரம் 1, 3, 10 மி.மீ. எல்லாமே சிர்கோனியம் டைபோரைடு என்ற, கடும் சூடு தாங்கும் செராமிக், கன அளவில் 20% சிலிக்கான் கார்பைடு கலந்தது. கூடவே 10 மி.மீ. கனத் தாமிர வில்லை, கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை), ஸ்டாண்டு. கேஸ் வெல்டிங் டார்ச்சும் சிலிண்டரும் நம் பாடு.

முனையில் இறங்கும் வெப்பம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 10 மி.மீ. ஆரத்தை 1 ஆக்கினால் சுமார் 3.2 மடங்கு. ஸ்பேஸ் ஷட்டிலின் விளிம்பு மொண்ணையாக இருந்தது இதனால்தான். அதற்கு விலையாக இழுவிசை கூடியது. நாசா 1997, 2000 ஆண்டுகளில் ஷார்ப்-பி1, பி2 என்று டைபோரைடு கூர்முனைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தது.

முதலில் தீயை அளக்க வேண்டும். கையேடு இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது, பாதி வேலையே இங்கேதான் இருக்கிறது. தாமிர வில்லையைத் தீயில் காட்டுங்கள், அது வினாடிக்கு 29 டிகிரி ஏறினால் வெப்பம் சதுர மீட்டருக்கு 1 மெகாவாட். சில வினாடியில் எடுத்துவிடுங்கள். அதே தூரத்தில்தான் துண்டையும் நிறுத்த வேண்டும். அசிட்டிலீன் மிஞ்சினால் கரி படியும். நியூட்ரல் தீயே (அசிட்டிலீனும் ஆக்சிஜனும் மிஞ்சாத தீ) வையுங்கள். டார்ச் தீ எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, அதனால் 3.2 மடங்கு அப்படியே கிடைக்காது. டைபோரைடு வெப்பத்தை வேகமாகப் பின்பக்கத்துக்குக் கடத்திவிடுவதால் 1 மி.மீ. முனை கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே காயும். கூர்முனைக்கு இந்தப் பொருளைத் தேடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய குறை, துண்டைப் பிடிக்கும் 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின். ஸ்டீல் டிகிரிக்கு மீட்டருக்கு 16 மைக்ரான் விரியும், செராமிக் 6 முதல் 7 வரைதான். 600 டிகிரி ஏறினால் பின் துளையைவிட சுமார் 0.02 மி.மீ. கூடுதலாகப் பருக்கும். துளையில் இடைவெளியே விடவில்லை. முனை நன்றாக இருக்க, துளையோரம் கீறல் விழும். பின்னை 0.1 மி.மீ. தேய்த்து, அலுமினா ஃபைபர் பேப்பர் வைத்து லூஸாகப் பிடியுங்கள்.

மேலே வெள்ளை மேலோடு படிந்தால் 'தாங்கிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். டார்ச் தீயில் நீராவியும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. அழுத்தமோ நம் ஊர்க் காற்றழுத்தம். கலம் பறக்கும் உயரத்து மெலிந்த காற்றில், 1,600 டிகிரியைத் தாண்டும்போது, சிலிக்கான் கார்பைடு காப்புக் கண்ணாடியாகப் படியாமல் வாயுவாகவே போய்விடலாம். அதை இந்த கிட்டால் காட்ட முடியாது, கையேட்டிலும் ஒரு வார்த்தை இல்லை.

சூடான துண்டை ஆத்தங்குடிக் கல் தரையில் வைக்காதீர்கள். அது சிமென்ட் கல், சூளையில் வேகாதது, மேல்பூச்சு பெயர்ந்துவிடும். மணல் தட்டு போதும். பைரோமீட்டர் (தொடாமலே ஒளியை வைத்து வெப்பநிலை அளக்கும் கருவி) தனியாக வாங்க வேண்டும். இரு அலைநீள வகையாகப் பாருங்கள், மேலோடு படியப் படிய மற்றதில் அளவு தப்பும்.