காம்பவுண்ட் நீராவி எஞ்சின்: வெப் வழியா, டி கிளென் வழியா?

நீராவியை ஒரு சிலிண்டருக்குப் பின் இன்னொன்றில் என இருமுறை வேலை வாங்கும் காம்பவுண்ட் எஞ்சின் நன்றாக அமைந்திருக்கிறதா என்பது அது வேகமெடுத்து ஓடும்போது தெரியாது. நின்ற இடத்திலிருந்து ரயிலை இழுத்துக் கிளம்பும்போதுதான் தெரியும். 1880களில் இங்கிலாந்தில் வெப், பிரான்சில் டி கிளென் என்ற இரு பொறியாளர்களும், ரயில் எஞ்சினை எப்படிக் காம்பவுண்டாக அமைப்பது என்ற ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். விடை வேறு வேறாக வந்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கொள்கை இருவருக்கும் ஒன்றே. சதுர அங்குலத்துக்கு 150 பவுண்ட் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 186 டிகிரி செல்சியஸ். வெளியேறும்போது 100ஐ ஒட்டி இறங்கிவிடும். இவ்வளவு இறக்கமும் ஒரே சிலிண்டரில் நடந்தால் சுவர் குளிர்கிறது. அடுத்து வரும் நீராவியில் ஒரு பகுதி வேலை செய்யாமலே தண்ணீராகிறது. சிறிய (உயர் அழுத்த) சிலிண்டரில் பாதி, பெரிய (தாழ் அழுத்த) சிலிண்டரில் மீதி என விரியவிட்டால் இந்த நஷ்டம் குறையும். 1876இலேயே பொறியாளர் அனத்தோல் மல்லே பிரான்சின் பயோன்–பியாரிட்ஸ் ரயில் பாதையில் இதை ஓட்டிக் காட்டிவிட்டார்.

வெப் 1882இல் குரூ பட்டறையில் கட்டிய 'எக்ஸ்பெரிமெண்ட்' எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். வெளியே 11½ அங்குல விட்டமுள்ள உயர் அழுத்த சிலிண்டர்கள் இரண்டு, பின் அச்சை ஓட்டின. நடுவே 26 அங்குலத்தில் ஒரே ஒரு தாழ் அழுத்த சிலிண்டர், முன் அச்சை ஓட்டியது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே இணைப்புத் தண்டு கிடையாது. தண்டு இல்லாவிட்டால் உராய்வு குறையும், எஞ்சின் லேசாக ஓடும் என்பது வெப்பின் கணக்கு.

ஓட்டத்தில் அந்தக் கணக்கு பொய்யில்லை. 1889இல் வந்த டியூட்டானிக் வகையின் 'ஜீனி டீன்ஸ்', 1890களில் ஆண்டுக்கணக்காக யூஸ்டனிலிருந்து குரூ வரை ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸை இழுத்தது. கோளாறு கிளம்புவதில்தான். பெரிய சிலிண்டருக்கு நீராவி வர வேண்டுமானால் முதலில் சிறிய சிலிண்டர்கள் வேலை செய்து கழிக்க வேண்டும். அதுவரை முழு ரயிலும் ஒற்றை அச்சின் பிடிப்பில் நிற்கிறது.

டியூட்டானிக்கில் சிக்கல் இன்னும் கூடியது. தாழ் அழுத்த வால்வை ஓட்டிய எக்சென்ட்ரிக் (அச்சின் சுழற்சியை வால்வின் முன்பின் அசைவாக மாற்றும் வட்டு) அச்சில் தளர்வாக இருந்தது. சக்கரம் சற்று உருண்டால்தான் திசை மாறும். எஞ்சின் பின்னால் வந்து பெட்டிகளோடு கோத்ததும் அந்த எக்சென்ட்ரிக் பின்னோக்கிய நிலையிலேயே நிற்கும். டிரைவர் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் பின் சக்கரம் வழுக்கினால், கழிந்த நீராவி சிலிண்டர்களுக்கு இடையே உள்ள ரிசீவர் என்ற அறையை நிரப்பி முன் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுழற்றும். ஒரு ஜோடி முன்னே, ஒரு ஜோடி பின்னே, ரயில் அசையாது. கிளம்பிய பிறகும் இரு அச்சுகளின் கிராங்குகளும் (பிஸ்டன் அச்சைச் சுழற்றப் பிடிக்கும் கைகள்) ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போவதால் இழுவை சீராக இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, டி கிளெனும் முதலில் அதே இடத்தில்தான் நின்றார் என்பது. 1885இல் வடிவமைத்த, வட பிரான்சின் நோர் ரயில்வேயின் 701ஆம் எண் எஞ்சினிலும் அச்சுகளுக்கு இணைப்பு இல்லை. ஆனால் சிலிண்டர்கள் நான்கு. தாழ் அழுத்தப் பக்கமும் இரண்டாக இருந்ததால் ஒற்றைப் பெரிய பிஸ்டனின் உதைப்பு இல்லை. 1891இல் நோர் ரயில்வேயின் பொறியாளர் து பூஸ்கேயுடன் சேர்ந்து செய்த 2.121, 2.122 எஞ்சின்களில் அச்சுகளை இணைத்தும்விட்டார். சிலிண்டர் விட்டம் உயர் அழுத்தத்துக்கு 340 மில்லிமீட்டர், தாழ் அழுத்தத்துக்கு 530 மில்லிமீட்டர். பரப்பில் 1க்கு 2.4. வெப்பின் விகிதமும் 2.5ஐ ஒட்டியதே. ஆகவே வெப்பை வீழ்த்தியது சிலிண்டர் அளவு அல்ல. நேரடி நீராவியைக் குறைந்த அழுத்தத்தில் பெரிய சிலிண்டருக்கு விடும் துணை வால்வும், கழிவைச் சிறிய சிலிண்டரிலிருந்தே புகைபோக்கிக்குத் திருப்பும் வால்வும் டி கிளென் முறையில் இருந்தன. கிளம்பும்போது நான்கு சிலிண்டரும் இழுக்கும்; ஒரு தொகுதி பழுதானால் மற்றதோடு வீடு போய்ச் சேரலாம். கட்-ஆஃபையும் (பிஸ்டன் நகரும்போது நீராவி நுழைவதை நிறுத்தும் இடம்) உயர், தாழ் அழுத்தம் இரண்டுக்கும் தனித்தனியே மாற்றலாம். இதற்கு விலை உண்டு: உறுப்புகள் அதிகம், பராமரிப்பு அதிகம், தேர்ந்த டிரைவர் தேவை.

சரக்கு வண்டிக்குச் செலவு முக்கியம் என்றால் ஜெர்மன் பொறியாளர் ஃபான் போரீஸின், சிறியது ஒன்று பெரியது ஒன்று என்ற இரட்டைச் சிலிண்டரே போதும். அமெரிக்காவில் வாக்ளேன் இரு சிலிண்டர்களையும் மேலும் கீழுமாக வைத்து ஒரே கிராஸ்ஹெட்டில் (பிஸ்டன் தண்டின் முனையில் சறுக்கும் கட்டை) சேர்த்தார். தள்ளும் விசை சமமில்லாமல் அது சாய்ந்து தேய்ந்தது.

இணைக்காத அமைப்பு எங்குமே உதவாது என்றும் சொல்ல முடியாது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினில் உயர் அழுத்த சிலிண்டர்கள் சக்கரங்களையும், தாழ் அழுத்த சிலிண்டர்கள் பல்சக்கரங்களையும் ஓட்டுகின்றன, இரண்டுக்கும் இணைப்பில்லை. அங்கே பல் தண்டவாளத்தில் வழுக்கல் என்பதே இல்லை. சக்கரம் வழுக்கினாலும் அந்த நீராவி பல்சக்கரத்தை மேலேதான் தள்ளும்.

வெப்பின் மூன்று சிலிண்டரைத் தலைகீழாக்கி, நடுவே ஒரு உயர் அழுத்தம், வெளியே இரண்டு தாழ் அழுத்தம் என 1898இல் பொறியாளர் ஸ்மித் அமைத்ததும், அதிலிருந்து 1902இல் மிட்லண்ட் ரயில்வேயின் 'மிட்லண்ட் காம்பவுண்ட்' பிறந்ததும், என் பார்வையில் பிரிட்டனில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரே முழுமையான விடை. பின்னர் அதே ரயில்வேயின் பொறியாளர் டீலி செய்த திருத்தத்தில் ரெகுலேட்டரைச் சற்றே திறந்தால் பெரிய சிலிண்டர்களுக்கும் நேரடி நீராவி போகும். அகலத் திறந்தால் காம்பவுண்டாக மாறும். பழகாத டிரைவர் அவசரப்பட்டு அகலத் திறந்தால், வேகம் பிடிக்கும் முன்பே காம்பவுண்டுக்குப் போய் வண்டி திணறும். அப்போது ரெகுலேட்டரை முழுக்க மூடி, மறுபடி மெதுவாகத் திறக்க வேண்டும்.