நெர்வஸா, ஆங்ஷியஸா?

தொடக்கநிலை 6 படிக்கும் மகளின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் தவறாமல் வரும் தகராறு இது. இரண்டுக்கும் 'பதற்றம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எவ்வளவு நேரம்? நெர்வஸ், கண்முன் நிற்கும் ஒன்றுக்கு. ஆகஸ்டில் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்து, வேர்த்த உள்ளங்கையைச் சீருடையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாளே, அது. ஆங்ஷியஸ், நவம்பரில் முடிவு வரும்வரை அம்மாவைத் தூங்கவிடாமல் அரிப்பது.

எங்கே தெரியும்? நெர்வஸ் உடம்பில்: நடுக்கம், உளறல். ஆங்ஷியஸ் பெரும்பாலும் மனதில். அதன் லத்தீன் வேருக்கு நெரிப்பது என்று பொருளாம், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கனம்? ஆங்ஷியஸுக்குத்தான் கூடுதல். ஆங்சைட்டி மருத்துவச் சொல்லும்கூட, எம்ஆர்டி ரயிலைத் தவறவிட்டதற்கெல்லாம் அதை இழுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு பொறி. 'ஆங்ஷியஸ் டு மீட் யூ' என்றால் பயம் என்றே இல்லை, உங்களைப் பார்க்கத் துடிக்கிறேன் என்றும் வரும். 'நெர்வஸ் டு மீட் யூ' என்றால் நிஜமாகவே உதறல்தான். குழப்பம் வேண்டாமென்றால் முதலாவதற்கு 'ஈகர்' போட்டுவிடுங்கள்.

மேடை, நேர்முகம், ஊசி: நெர்வஸ். ஸ்கேன் முடிவு, ஊரிலிருந்து வராத போன்: ஆங்ஷியஸ். காரணமே பிடிபடாமல் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் இரண்டும் வேண்டாம், 'அன்ஈசி' போதும்.