பி.எஸ்.ஐ.ஏ. லெவல் 3 ஸ்கீயிங் தேர்வு: மெதுவாக இறங்கும்போதுதான் சாயம் வெளுக்கும்

அமெரிக்காவில் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.எஸ்.ஐ.ஏ. சங்கம் 1961-இல் தொடங்கியது. சான்றிதழில் மூன்று படிகள். மேல்படியான லெவல் 3-இல் ஸ்கீயிங் திறனுக்கு ஒரு தேர்வு, கற்பித்தலுக்கு வேறொரு தேர்வு. இந்த விமர்சனம் முதலாவதைப் பற்றி மட்டும்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 4 வந்தால் தரத்தை எட்டியதாகக் கணக்கு. 3 என்றால் 'இருக்கிறது, ஆனால் நிலையாக இல்லை' என்று பொருள்; பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. ஐந்து அடிப்படைகள்: ஸ்கீயின் (சறுக்குப் பலகையின்) நீளவாக்கில் அழுத்தத்தை முன்பின் நகர்த்துவது, வெளிக்கால் ஸ்கீக்கு அழுத்தத்தைக் கொண்டுபோவது, எட்ஜ் (ஸ்கீயின் ஓரத்து எஃகு விளிம்பு) பனியில் சாயும் கோணத்தைக் கட்டுப்படுத்துவது, மேலுடம்பைத் தனியே விட்டுக் கால்களை மட்டும் திருப்புவது, பனியிலிருந்து வரும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. எல்லாப் பயிற்சியும் இவற்றில் ஏதோ ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. இந்தத் தெளிவுக்காகவே இந்தத் தேர்வு பிடித்துப்போகிறது.

உள்ளதிலேயே ஈவிரக்கமில்லாதது பிவட் ஸ்லிப். ஸ்கீ நீளத்தைவிடச் சற்றே அகலமான ஒரு பாதையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து நழுவியபடியே, கால்களை மட்டும் 180 பாகை திருப்பி மறுபக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நழுவும் வேகம் மாறக் கூடாது, பாதையை விட்டு இப்படி அப்படி விலகக் கூடாது, மார்பு சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். எடை கொஞ்சம் முன்னே போனால் ஸ்கீ முன்பக்கமாக விலகும், பின்னே போனால் பின்பக்கமாக. உடம்பை எம்பித் திருப்புகிறவர்களுக்கு வேகம் விட்டுவிட்டு மாறும்; எக்ஸாமினர் இதைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார். தோள் கூடவே சுற்றுகிறதா என்று தெரிய இரண்டு போல்களையும் (கையில் பிடிக்கும் ஊன்றுகோல்கள்) சன்னல் சட்டம்போல நெஞ்சுக்கு முன் நிறுத்திப் பிடியுங்கள். அதற்குள் கீழே உள்ள ஏதாவதொரு லிஃப்ட் தூண் தெரிய வேண்டும். ஸ்கீ திரும்பும்போது தூண் சட்டத்தைவிட்டு ஓடினால் திரும்புவது இடுப்பு. தொடை எலும்பு இடுப்புக் குழியில் சுழலவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஸ்கீ கடிக்கிறதா? குற்றம் உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். எட்ஜின் அடிப்பக்கத்தைத் தேய்த்து வைத்திருக்கும் கோணம் 0.5 பாகை என்றால் லேசாகச் சாய்ந்தாலே பனியைப் பிடித்துவிடும். 1 பாகை பொறுத்துப்போகும். பக்கவாட்டில் 2 அல்லது 3 பாகை வைத்துக் கூர்மையாக வைத்திருந்தால் பனிக்கட்டியிலும் கவலையில்லை. ஓர் எஃகு அளவுகோலை அடிப்பலகையின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் எட்ஜ் இரண்டும் உயர்ந்து நிற்கின்றன; அந்த ஸ்கீயோடு பிவட் ஸ்லிப் செய்வது வீண். தேர்வுக்கு முந்தைய இரவில் இதைச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள், இரண்டு வாரமாவது முன்னால் கிரைண்டிங் (அடிப்பலகையைத் தேய்த்துச் சமமாக்குவது) முடித்துப் பழகிவிடுங்கள். ஸ்கீயின் இடுப்பகலம் (நடுவில் குறுகிய இடத்தின் அகலம்) 75 முதல் 80 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்ல சமரசம்: பனிமேடுகள் நிறைந்த சரிவிலும் ஓடும், கார்விங்கிலும் (நழுவாமல் எட்ஜால் பனியைக் கீறியபடி திரும்புவது) ஏமாற்றாது.

கார்விங்கில் தீர்ப்பை பனியே எழுதிவிடுகிறது. இறங்கி நின்று திரும்பிப் பாருங்கள்: பென்சிலால் கீறியதுபோல இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தால் சரி. திருப்பத்தின் தொடக்கத்தில் கோடு விசிறிபோல விரிந்திருந்தால், எட்ஜ் பிடிக்குமுன் காலைத் திருப்பிவிட்டீர்கள். உள்கால் கோடு மட்டும் மங்கலாக இருந்தால் அந்த முழங்கால் சாயவே இல்லை.

மேடுகளில் பெரும்பாலும் கெடுப்பது கை. போல் ஊன்றிய கை மேட்டைத் தாண்டியதும் பின்னால் தங்கிவிட்டால் தோளும் எடையும் அதன் பின்னாலேயே போய்விடும், அடுத்த மேடு நெஞ்சில் வந்து மோதும். உச்சியில் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்து மடங்க வேண்டும். இறக்கத்தில் கால் நீண்டு பனியைத் தேடிப் போக வேண்டும். இடுப்பை மட்டும் குனிந்து சமாளிப்பது கூன்போட்ட பெட்டிக்கடைக்காரர் காசு பொறுக்குவதுபோல இருக்கும். மதிப்பெண்ணும் அதற்கேற்பவே வரும்.

குறை இல்லாமலில்லை. காலைப் பனிக்கட்டியில் வந்த பயிற்சியும் மதிய நீர்ப்பனியில் வந்த அதே பயிற்சியும் ஒன்றல்ல. தேர்வு நாளின் பனியை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. குழுவில் மற்றவர்கள் இறங்கும்வரை குளிரில் நிற்பதும் சிரமம்தான். உங்கள் முறைக்கு முன்பு பத்துப் பதினைந்து முறை கால்களை இடுப்பிலிருந்து ஆட்டி விறைப்பை எடுத்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை: கரடுமுரடான, கொத்திக் கிடக்கும் பனியில், இரு பக்கமும் சேர்த்துப் பத்து பிவட் ஸ்லிப்களைப் பாதையைவிட்டு விலகாமல் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிச் செய்து பாருங்கள். எட்டாவதில் தடுமாறினால் அந்த சீசன் பயிற்சிக்கு, தேர்வு அடுத்த சீசனுக்கு.