ராட்வைலருடன் ஆறு ஆண்டுகள்

குரைத்தே தெருவைக் கூட்டும் நாய் வேண்டுமென்றால் ராட்வைலர் வாங்காதீர்கள். எங்கள் பைரவி ஆறு ஆண்டுகளாகப் பெங்களூரு ராமமூர்த்தி நகர் வீட்டில் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பாமரேனியன் ஒரு சாயங்காலத்தில் குரைக்கும் அளவுக்கு இவள் ஒரு மாதத்தில்கூடக் குரைத்ததில்லை. புது ஆள் கேட்டில் கை வைத்தால் எழுந்து வருவாள், கம்பிக்கு ஓரடி தள்ளி நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். வந்தவர் கையைத் தானாகவே எடுத்துக்கொள்வார்.

இந்த நிதானத்துக்கு இந்த இனத்தின் பழைய பிழைப்புதான் காரணம் என்பது என் எண்ணம். தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் ராட்வைல், கி.பி. 73 வாக்கில் ரோமானியர் அமைத்த ஊர். ரோமப் படையின் பின்னால் மாடு ஓட்டி வந்த நாய்கள்தான் இதன் முன்னோர் என்பார்கள். பிறகு அந்த ஊர்க் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டியும், இறைச்சி வண்டி இழுத்தும் வயிறு வளர்த்தது. ரயில் வந்து மாடுகளைச் சாலையில் ஓட்டிப்போகும் வழக்கம் ஒழிந்ததும் இதற்கு வேலை போயிற்று, இனமே அருகிப்போனது. 1910இல் ஜெர்மனியில் போலீஸ் நாயாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் மீண்டது. ஆக, காவல் இதற்கு இரண்டாவது உத்தியோகம்.

முதல் உத்தியோகத்தை அது இன்னும் விடவில்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் வந்து முற்றத்தில் ஓடினால், பைரவி குறுக்கே புகுந்து தோளால் இடித்து இடித்து அத்தனை பேரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுக்கிவிடுவாள். பல் படாது. ஆனால் நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயின் தோள் பட்டால் மூன்று வயதுக் குழந்தை குப்புற விழத்தான் செய்யும். அதனால் சிறு பிள்ளைகளுடன் அவளைத் தனியே விடுவதில்லை.

மேலே சாய்ந்துகொள்வது இன்னொரு பழக்கம். அம்மா தரையில் உட்கார்ந்து பூக் கட்டும்போது பின்னால் வந்து முழுப் பாரத்தையும் அவர் முதுகில் போடுவாள். "தள்ளிப் போடி, எருமை" என்று அம்மா திட்டத் திட்ட, தொண்டைக்குள் கிரைண்டர் ஓடுவதுபோல் ஓர் உறுமல் கிளம்பும். இந்த இனத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நடுங்குவது இதைக் கேட்டுத்தான். சிலிண்டர் கொண்டுவரும் தம்பி ஒருமுறை "அக்கா, உறுமுகிறதே!" என்று படியிலேயே நின்றுவிட்டான். அது சந்தோஷ உறுமல். உடம்பு தளர்ந்திருக்கும், பின்பக்கம் ஆடும், கண் பாதி மூடியிருக்கும். மற்றோர் உறுமல் உண்டு. அப்போது வாய் மூடிக்கொள்ளும், கழுத்து விறைக்கும், சத்தம் அடியிலிருந்து ஒரே சீராக வரும். அதைக் கேட்டால் அதட்டக் கூடாது, எதிரில் இருப்பவரை நகர்த்த வேண்டும். எச்சரிக்கை கொடுத்ததற்காக அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும்.

வால் விஷயம்: "வால் இருக்கிறதே, ஒரிஜினல் இல்லையா?" என்று நடைப்பயிற்சியில் கேட்காத ஆளில்லை. இந்த இனத்துக்குக் குட்டியிலேயே வாலை வெட்டிவிடும் வழக்கத்தால் வந்த கேள்வி இது. அப்படி வெட்டுவதை ஜெர்மனியே 1998இல் தடை செய்துவிட்டது. அவள் மனநிலையைப் படிக்க எனக்குப் பாதி உதவி அந்த வால்தான்.

2024 மார்ச்சில் 23 இனங்களை வளர்க்கவும் விற்கவும் தடை விதிக்கச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. ராட்வைலரும் அந்தப் பட்டியலில் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் தெருவில் சிலர் எதிர்ப்புறம் போய் நடந்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. தடை வேண்டாம் என்று சொல்கிற நான், தெருவில் கயிறில்லாமல் இந்த நாயை விடுபவருக்குக் கடும் அபராதம் வேண்டும் என்றும் சொல்வேன். பைரவிக்குக் கூட்டத்தில் வாய்க்கூடு உண்டு. மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இரண்டும் என் போனில் எப்போதும் இருக்கும்.

பெங்களூரு வானிலை இதற்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஏப்ரலில் மட்டும் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும். கறுப்புத் தோல் வெயிலைக் குடிக்கும். தெருநாய்கள்தான் தினசரித் தலைவலி, அதிலும் பெண் நாய்களைக் கண்டால் இவளுக்கு ஆகவே ஆகாது. கோழி, ராகிக் களி, கொஞ்சம் உலர் தீவனம் என்று சாப்பாட்டுக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டரை வயது வரை உடம்பு பெரிதாகவும் புத்தி குட்டியாகவுமே இருந்தது. அந்தக் காலத்தில் தினமும் பழக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த நாய் சரிப்படாது.

செலவு உண்மையில் எலும்பில்தான் இருக்கிறது. போன வருடம் பின்னங்கால் முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நார் (லிகமெண்ட்) கிழிந்து அறுவை சிகிச்சை செய்தோம். இந்த இனத்தில் அது அடிக்கடி வருவது. இடுப்பு மூட்டுக் கோளாறும் எலும்புப் புற்றும் அப்படியே. ஆயுளும் ஒன்பது, பத்து ஆண்டுகள்தான். இப்போது மாடிப்படி ஏற விடுவதில்லை, எடையை மாதாமாதம் பார்க்கிறோம். குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்-ரேயையும் கேளுங்கள். விற்பவர் இழுத்தடித்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.