ஸ்லிம் 4-இல் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பி.எச்.பி வெப் ஃபிரேம்வொர்க்கான ஸ்லிமில் 3-லிருந்து 4-க்கு மாறுபவர்களுக்கு முதலில் இடிப்பது, பிரவுசருக்குப் போகும் பதிலைத் தாங்கும் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்தான். 2019-இல் வந்த நான்காம் பதிப்பு, பி.எஸ்.ஆர்-7 (எச்.டி.டி.பி செய்திகளுக்கான பி.எச்.பி பொதுத் தரம்) ஆப்ஜெக்ட்டுகளைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. ஸ்லிமின் சொந்தத் தொகுப்பு, நைஹோம், கஸல் இவற்றில் ஒன்றை கம்போசர் (பி.எச்.பி தொகுப்பு நிறுவி) வழியாக நாமே சேர்க்க வேண்டும். என் தேர்வு நைஹோம்: சின்னது, வேகமானது, கண்டிப்பானது. ஆனால் எதைச் சேர்த்தாலும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் ஒன்றே: ஹெடரும் ஸ்டேட்டஸும் மாறாதவை, பாடி மட்டும் மாறும்.

வித்ஹெடர், வித்ஸ்டேட்டஸ் இரண்டும் கையிலுள்ள ஆப்ஜெக்ட்டைத் தொடாமல் புதியதொன்றைத் திருப்பித் தரும். அதை வேரியபிளில் வாங்கிக்கொள்ளாவிட்டால், 404 (கிடைக்கவில்லை) போட்டும் பிரவுசருக்கு 200 (சரி) போகும். லாக்கில் ஒரு வரிகூட விழாது. பாடி அப்படியல்ல. அது ஒரு ஸ்ட்ரீம். பழைய ஆப்ஜெக்ட்டும் புதியதும் அதே ஸ்ட்ரீமைத்தான் பிடித்திருக்கும். பழையதில் எழுதியது புதியதிலும் தெரியும்.

ஸ்ட்ரீமின் பாயின்டரை மறப்பவர்கள்தான் அதிகம் அல்லாடுகிறார்கள். எழுதி முடித்ததும் பாயின்டர் கடைசியில் நிற்கும். அப்போது மிடில்வேரில் (கோரிக்கையையும் பதிலையும் இடையில் கையாளும் அடுக்கு) கெட்கன்டென்ட்ஸ் கூப்பிட்டால் வெறும் ஸ்ட்ரிங்தான் வரும். முழுவதும் வேண்டுமென்றால் பாடியை ஸ்ட்ரிங்காக கேஸ்ட் செய்யுங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: பாடியில் 12345 இருக்கும்போது ரீவைண்ட் செய்துவிட்டு 99 எழுதினால், மிஞ்சுவது 99345. பாடியை மாற்ற வேண்டுமென்றால் புது ஸ்ட்ரீம் உருவாக்கி வித்பாடி மூலம் மாட்டுவதே சரி.

ஸ்லிம் 3-இல் இருந்த, தரவை ஜேசனாக்கிப் பதிலில் வைக்கும் வித்ஜேசன் இப்போது அடிப்படை ஆப்ஜெக்ட்டில் இல்லை. நாமே என்கோட் செய்து, பாடியில் எழுதி, கன்டென்ட்-டைப் ஹெடரை வைக்க வேண்டும். தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். யு.டி.எஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஸ்ட்ரிங்கை வெட்டும் சப்ஸ்டர் ஃபங்ஷன் பைட் கணக்கில் வெட்டுவதால் எழுத்து நடுவில் பிளந்துபோகும். ஜேசன் என்கோடர் உடனே ஃபால்ஸ் தரும். அதை ஸ்ட்ரிங்காக்கி எழுதியிருந்தால் 200-உடன் காலி பாடி, இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத டைப் எரர். பி.எச்.பி 7.3 முதல் உள்ள ‘த்ரோ ஆன் எரர்’ ஃபிளாகைக் கட்டாயம் போடுங்கள், நிஜக் காரணம் அப்படியே வெளியே வரும். வெட்டுவதற்கு எம்.பி.சப்ஸ்டர் பைட்டைக் காப்பாற்றும். ஆனால் ‘கோ’வின் உயிர்க்குறியை உதிர்த்து ‘க’ என்று நிறுத்திவிடக்கூடும். இன்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர் முழு எழுத்தாகவே வெட்டும்.

அடுத்த தலைவலி, எங்கோ மறந்துபோன ஒரு எக்கோ (நேரடியாக வெளியே எழுதும் கட்டளை). ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டால், பதிலை பிரவுசருக்கு அனுப்பும் ஸ்லிமின் எமிட்டர் எச்சரிக்கை ஏதுமின்றி ஹெடரையும் ஸ்டேட்டஸையும் விட்டுவிட்டு பாடியை மட்டும் அனுப்பும். பி.எச்.பி-யுடன் வரும் மாதிரி ஐ.என்.ஐ கோப்புகளில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்புவது) 4096. கோப்பே இல்லாவிட்டால் 0. அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் தனக்கென ஐ.என்.ஐ கோப்பை வைத்துக்கொள்வதில்லை. அதனால் அதே எக்கோ, பஃபர் உள்ள கணினியில் ஜேசனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்கருக்குள் 404-ஐ 200 ஆக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பஃபரிங்கை 0 ஆக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள மிடில்வேரில் ஹேண்டில் திரும்பியவுடன் ஹெடர்ஸ் சென்ட் ஃபங்ஷனுக்கு இரண்டு வேரியபிள்கள் கொடுங்கள். குற்றவாளிக் கோப்பும் வரி எண்ணும் அவற்றில் வந்து விழும்.

ஸ்லிமில் கடைசியாகச் சேர்த்த மிடில்வேர்தான் வெளிச்சுற்று. கன்டென்ட்-லெங்த் மிடில்வேரைக் கடைசியில் சேர்க்காமல், அதற்கு வெளியே இன்னொன்று பாடியை நீட்டினால், பதிலின் வால் அறுந்துபோகும். கார்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையை அனுமதிப்பது) ஹெடரை வைக்கும் மிடில்வேரும் எரர் மிடில்வேருக்குப் பிறகே சேர வேண்டும். எரர் மிடில்வேர் புத்தம்புது ரெஸ்பான்ஸை உருவாக்குவதால், உள்ளே வைத்த ஹெடர் எதுவும் அதில் இருக்காது. பிரவுசர் கார்ஸ் பிழை என்று புலம்பும், நிஜத்தில் நடந்தது 500 ஆக இருக்கும். பிரவுசரை நம்பாமல் கர்ல் என்ற கமாண்ட்-லைன் கருவி கொண்டு பாருங்கள்.

குக்கி இரண்டு வைத்தும் ஒன்றுதான் வருகிறதென்றால், வித்ஹெடர் முதலாவதை அழித்திருக்கும். அங்கே வித்ஆடட்ஹெடர் வேண்டும்.