ஒரு டிரக் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி: மைதானத்துக்கு முழு மதிப்பெண், வகுப்பறைக்குப் பாதி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வணிக ஓட்டுநர் உரிமம், அதாவது சி.டி.எல்., பெறுவதற்காக நான் படித்த தனியார் பள்ளியைப் பற்றிய மதிப்புரை இது. பள்ளியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

மைதானப் பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏர் பிரேக் சோதனையை ஒவ்வொருவரும் தனியே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு, பிரேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால், டிரெய்லர் இணைந்த வண்டியில் காற்றழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு மிதியை விட்டு விட்டு அழுத்திக் காற்றைக் குறைத்துக்கொண்டே போனால், முதலில் எச்சரிக்கை ஒலியும், பின்னர் ஓட்டுநர் முன்னுள்ள மஞ்சள் (நிறுத்துப் பிரேக்), சிவப்பு (டிரெய்லர் காற்று) குமிழ்கள் 'டப்' என்று வெளியே துள்ளும் ஓசையும் கேட்க வேண்டும். வரிசை தவறினால் எங்கள் பயிற்றுநர் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். தேர்வு நாளில் அதன் அருமை தெரிந்தது.

வகுப்பறையில் நிலைமை வேறு. "சட்டமெல்லாம் ஒன்றுதான், உரிமத்தை மட்டும் மாநிலம் கொடுக்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் பாடத்தை முடித்துவிட்டார்கள். பாதி உண்மைதான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சத் தகுதிகளைக் கூட்டாட்சி அரசு வகுக்கிறது, தேர்வு நடத்தி அட்டை வழங்குவது மாநிலம். ஆனால் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு மாநிலம் தன் விதிகளைத் தளர்த்திக்கொள்ள இடமுண்டு. மாநில எல்லை தாண்டும் வணிகத்தில் ஓட்ட 21 வயது ஆக வேண்டும். டெக்சாஸுக்குள் மட்டும் என்றால் 18 போதும். பயணிகளை அல்லாமல் சரக்கு ஏற்றும் ஓட்டுநர், கூட்டாட்சி விதிப்படி 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம் ஓட்டலாம். டெக்சாஸ் விதியோ 8 மணி நேர ஓய்வுக்குப் பின் 12 மணி நேரம் வரை அனுமதிக்கிறது.

இதில் பலர் இடறும் இடம், எல்லை என்பது சக்கரத்தைப் பொறுத்ததன்று, சரக்கைப் பொறுத்தது என்பதே. ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுக் கொள்கலன் டாலஸிலுள்ள கிடங்குக்குப் போகிறது என்றால், வண்டி டெக்சாஸை விட்டு ஓரடி நகராவிட்டாலும், அது பொதுவாக மாநிலங்களுக்கிடையிலான வணிகமாகவே கருதப்படும். என் வகுப்பில் இருந்த இருபது வயது இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நானும் இதற்கு விலை கொடுத்தேன். எந்த வகை வணிகத்தில் ஓட்டப் போகிறோம் என்று நாமே உறுதி கூறி விண்ணப்பத்துடன் தரும் சுயசான்றுப் படிவத்தில் "முதல் வேலை உள்ளூரில்தானே" என்று அலுவலகப் பெண்மணி சொன்னதை நம்பி, மாநிலத்துக்குள் மட்டும் என்ற கட்டத்தில் குறியிட்டேன். அட்டை வந்தபோது கட்டுப்பாடுகள் வரியில் 'கே' என்ற எழுத்து, அதாவது மாநிலத்துக்குள் மட்டுமே ஓட்டலாம் என்ற குறி, நின்றது. முதல் நேர்காணலில் அதைப் பார்த்த நிறுவனத்தார் அட்டையை அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். சான்று வகையை மாற்றி, மருத்துவச் சான்றிதழைக் காட்டி, புதிய அட்டை வாங்கிய பிறகே வேலை கிடைத்தது.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். "அரசு கட்டாயமாக்கிய பயிற்சி மணிநேரம்" என்று பள்ளி சொல்லிக்கொள்கிறது. 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சிப் பயிற்சி விதியில் குறைந்தபட்ச மணிநேரம் எதுவும் இல்லை. பாடப்பட்டியலை முடிக்க வேண்டும், எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், பயிற்றுநர் போதும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பள்ளி கூட்டாட்சி அரசின் பயிற்சி வழங்குவோர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளி இருக்கிறது.

ஓட்டக் கற்க இங்கே தயங்காமல் சேரலாம். சுயசான்றுப் படிவத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, மாநிலக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.