ஏரிக்கரை இரவுக்குக் கூடாரமா, தார்ப்பாயா?

1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக்கெண்டை, தூண்டிலை எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால், இரவில் மீன்பிடிக்கத் தங்கும்போது எனக்குத் தலைக்கு மேல் கட்டும் தார்ப்பாய்தான் பிடிக்கும். விலை குறைவு, முன்பக்கம் திறந்தே இருக்கும், தூண்டில் மணி சிணுங்கியதும் ஜிப்போடு மல்லுக்கட்டாமல் எழுந்து ஓடலாம். காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டினால் சாரலையும் தாங்கும்.

ஆனால் நீலகிரியின் எமரால்டு ஏரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது கூடாரம்தான் சரி. மலிவான ஒற்றைத் துணிக் கூடாரத்தில் நம் மூச்சே உள்பக்கம் நீர்த்துளியாகி, விடிவதற்குள் கம்பளியை நனைத்துவிடும். கொஞ்சம் கூடப் போட்டு இரண்டு அடுக்கு உள்ளதாக வாங்குங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கும் அதுதான்.

வனத்துறை நிலம் என்றால் அனுமதி வாங்காமல் இரவு தங்காதீர்கள். அப்புறம், கூடாரத்துக்குள் கரியடுப்பு வேண்டவே வேண்டாம். அதன் நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.